மூன்று புள்ளி ஒன்பது

கத்திரி வெயில். ராணிப்பேட்டையில் வெளியே நாற்பத்து மூன்று.
தொட்டிக்குள் நாற்பத்திரண்டு.
இந்தப் பக்கத்தில் ஒரு டிகிரி குளிர்ச்சியாக இருப்பவை
எங்கள் பாக்டீரியா மட்டும்தான்.

ஆரணிக் குருணையைக் கஞ்சியாக்கி
நொதியால் சர்க்கரையாக உடைத்து ஊற்றுகிறோம்.
தின்கின்றன.
தின்று அமிலம் கக்குகின்றன.
கக்கியதில் தாமே மூச்சுமுட்டி
நின்றுவிடுகின்றன,
பாதிச் சாப்பாடு அப்படியே இருக்க.
ஆகவே சுண்ணாம்பு.
பம்பு இருமி இருமி
வெள்ளையாய் ஒரு வாய் ஊட்டும்.

அந்தச் சுண்ணாம்பின் பிடியிலிருந்து
லாக்டிக் அமிலத்தை மீட்கக் கந்தக அமிலம்.
மிஞ்சுவது ஜிப்சம்,
டன்னுக்கு டன்,
கொட்டகைக்குப் பின்னால் யாரும் வாங்காத வெண்குன்று.
மழையில் கரைந்து போய்
மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடிதமாகத் திரும்பி வரும்.

எங்கள் டிரம்கள் போவது ஆம்பூருக்கும் மேல்விஷாரத்துக்கும்.
அங்கே மயிர் உதிரத்
தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கிறார்கள்.
ஊறிய சுண்ணாம்பைத் தோலிலிருந்து போக்க
எங்கள் அமிலம்.
அமிலத்தை அடக்க இங்கே சுண்ணாம்பு,
சுண்ணாம்பை அடக்க அங்கே அமிலம்.
நடுவில் லாரி வாடகை.
இதைச் சொல்லி நான் சிரித்தபோது
கணக்கர் ஜமீல் அகமது சிரிக்கவில்லை.
மூட்டை விலை எழுதிய இடத்தை
விரலால் தொட்டுக் காட்டினார்.

இப்போது புதிதாக ஒரு கம்பெனி,
மக்கும் பிளாஸ்டிக் செய்பவர்கள்.
இந்த அமிலத்துக்கு இரண்டு கை உண்டு.
எடை ஒன்று, புளிப்பு ஒன்று,
கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும் வித்தியாசம்.
அவர்களுக்கு ஒரு கை மட்டும் வேண்டுமாம்,
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.
இடங்கை வலங்கை என்று அடித்துக்கொண்ட மண்ணில்
இதுவும் வந்து சேர்ந்தது.

ஆடிக் காற்றில் ஓர் இரவு
மின்சாரம் போய்த் திரும்பியது.
மின்முனை செத்துப்போய்
திரை மட்டும் ஆறு ஆறு என்றது.
பம்பு அதை நம்பியது.
நானும் நம்பினேன், அதை எழுதத்தான் வேண்டும்.
விடியலில் கைக்கருவியை விட்டுப் பார்த்தால்
மூன்று புள்ளி ஒன்பது.
இரண்டாயிரம் லிட்டர் பிணம்.

வால்வைத் திறக்க வந்த முனிரத்தினம்
நான் கம்பி வளையத்தோடு குனிந்திருப்பதைப் பார்த்தார்.
"இன்னாம்மா, செத்ததாண்ட போய் இன்னா கேக்குற?"

ஒரு சொட்டு.
தட்டில் தேய்த்தேன்.
நான்காம் நாள் குண்டூசித் தலையளவில் பதினொன்று.
பத்து, மறுபடியும் புளிப்பில் இட்டதும் போயின.
ஒன்று போகவில்லை.

எழுபது முறை மாற்றினேன்,
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் புளிப்புக்கு.
இரண்டு தீபாவளி போயிற்று.
சுண்ணாம்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.
ஜமீல் அகமது டீ வாங்கித் தந்தார்.
ஒரு கைதானா என்று சோதனைக்கு அனுப்பினேன்.
தொண்ணூற்றேழு.
போதாது.

இன்னொன்றும் செய்து பார்த்தேன்.
புளிப்பே ஏறாத வசதியான குழம்பில்
இருபது நாள் விட்டேன்.
மறந்துவிட்டது.
கோபம் வரவில்லை.
எதிரி இல்லாத ஊரில் கோட்டைச் சுவருக்கு
எதற்குக் கூலி என்று
அதற்குள்ளும் ஒரு ஜமீல் அகமது
கணக்குப் போட்டிருக்கலாம்.

ஆகவே உறைபெட்டி. நாற்பது குழாய்கள்.
மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை
பதினோரு நொடி.
எண்ணுகிறேன், வீட்டில் இருந்தாலும் எண்ணுகிறேன்.

இன்று இரவும் போயிற்று.
டார்ச்சோடு கதவருகே முனிரத்தினம்.
"செத்தது கீதாம்மா?"

"கீது."